ஒரே ஒரு திருத்தம்

மின் கட்டண விசாரணைக்கு இப்போது யாரும் திருப்பதிக்குப் போவதில்லை. போன முறை நான் பேசியது சித்தூர் கரண்ட் ஆபீஸ் மாடியறையில், ஒரு திரையின் முன்னால். அறையில் நானும், ஒயரைச் சரிபார்க்க வந்த ஓர் ஊழியரும்தான். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தார் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் இருந்தார்கள். பாதி பேசிய பிறகுதான் என் குரல் அந்தப் பக்கம் போகவே இல்லை என்று தெரிந்தது. முதலிலிருந்து மறுபடி சொன்னேன். முடித்ததும் “தேங்க்யூ மேடம், நெக்ஸ்ட்” என்றார்கள். எழுந்து வரும்போது வணக்கம் சொல்லக்கூட எதிரில் ஆள் இல்லை.

இப்போது என் வேலையைப் பார்க்கிற லாவண்யா திருப்பதியில் இளம் வக்கீல். அன்று சாயங்காலம் போன் செய்தாள். “அக்கா, நீங்க எம்.எல்.ஏ.ங்கள வீட்டுக்கே போய்ப் பார்ப்பீங்களாமே. ஒரு சட்டத்துல திருத்தமே வாங்கிக்கினு வந்தீங்கன்னு சொல்றாங்க. அத எழுதிக் குடுங்களேன்” என்றாள். திருத்தம் வாங்கியது உண்மைதான். அதை வாங்கிய விதத்தை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது டைப்பிஸ்டாக. சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே வரதராஜன் சார் என்ற வக்கீலின் அறை. அவர் திருப்பதிக்காரர். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கைங்கரியத்தில் இருந்தது. அவர் ஒருவர்தான் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு சித்தூருக்கு வந்தவர். நான் மிஷன் தெருவில் பிறந்து அங்கேயே கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். எனக்குத் தமிழும் தெலுங்கும் டைப் அடிக்கத் தெரியும் என்பதைத் தவிர அவர் எதையும் விசாரிக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அவர் கேஸ்களைக் குறைத்துக்கொண்டு மின் நுகர்வோர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அறை அதேதான், வெளியே தொங்கிய பலகை மட்டும் மாறியது. நான் சங்கத்தின் ஆபீஸ் செயலாளர் ஆனேன். அதன் பிறகு வேறு எங்கும் போகவில்லை.

அவரிடம் மனு எழுதுவது லேசான காரியம் இல்லை. முதல் வாக்கியத்திலேயே நமக்கு என்ன வேண்டும் என்பது இருக்க வேண்டும். காரணமெல்லாம் அப்புறம். ஒருமுறை ‘ஏழை மக்கள் வயிற்றில் அடிக்கும் இந்தக் கட்டண உயர்வு’ என்று எழுதிக்கொண்டு போனேன். பேனாவால் அடித்துவிட்டு, “வயித்தையெல்லாம் கமிஷன் பார்க்காதும்மா. எந்த ரூல் மீறியிருக்குன்னு எழுது. வயித்தை நீ பார்த்துக்கோ” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் வந்தால் அவர் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை அறையில் யாரும் பேசமாட்டோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த மனுவானாலும் முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை நான் சொல்லியாக வேண்டும். “கம்பெனி வக்கீலா நின்னு பேசு. என்னைத் தோக்கடி பார்ப்போம்” என்பார். நான் பேசுவேன். சில நாள் அவர் உண்மையிலேயே பதில் இல்லாமல் நிற்பார். அன்றைக்கு அந்த மனு போகாது. இருவரும் மறுநாளும் அதே இடத்திலிருந்து ஆரம்பிப்போம்.

சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்கப் போவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். காலையில், அவர்கள் குளித்துவிட்டு வெளியே வந்து உட்காரும் நேரத்தில் போய்விட வேண்டும். மனு தெலுங்கில், ஒரே பக்கம். பி.ஏ.வுக்குத் தனிப் பிரதி, அதுவும் முதலில். காபி வருவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். காபி வந்துவிட்டால் கூடவே ஊர்க்காரர்களும் வந்துவிடுவார்கள், அப்புறம் கல்யாணப் பத்திரிகைதான், கோயில் நிதிதான். “பார்க்கலாம்” என்று அவர்கள் சொன்னால் நன்றி சொல்லி எழுந்துவிட வேண்டும். “எப்ப சார்?” என்று கேட்கக் கூடாது. பத்து நாள் கழித்து மறுபடி போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மாவட்டத்தில் நாகலாபுரத்திலிருந்து குடுபல்லி வரை இப்படி நான் போய் நிற்காத வாசல் குறைவு. பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மொட்டை போட்டுத் திரும்புகிற குடும்பங்கள் லட்டைப் பிய்த்துக் கொடுக்கும். நான் எங்கே போய் வருகிறேன் என்று கேட்டால் “ஆபீஸ் வேலை” என்பேன்.

எங்கள் சங்கம் கேட்டதெல்லாம் சுருக்கிச் சொன்னால் இரண்டுதான். மின்சாரம் பயன்படுத்துகிறவன் தலையில் காரணம் சொல்லாமல் சுமை ஏற்றாதே. சூரியனிலிருந்து மின்சாரம் எடுக்க முன்வருகிறவனைக் கெடுக்காதே. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்றே நாங்கள் வெகுகாலம் நம்பினோம்.

முதலாவதற்கு எனக்கு முகம் என்றால் செல்வி. அடுத்த சந்தில் வாடகைக்கு இருந்தாள். கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்பாள். சீசனில் மாம்பழக் கூழ் ஃபாக்டரிகள் ஓடத் தொடங்கினால் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கும். கிரைண்டர் முக்கி முக்கிச் சுற்றும். பில் மட்டும் இறங்காது.

இரண்டாவதற்கு முகம் டேனியல் அண்ணன். என் பெரியப்பா மகன். கூழ் ஃபாக்டரி ஒன்றில் பாய்லர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் ஆண் துணை என்றால் அவர்தான். எனக்கு வரன் பார்த்ததும் அவர்தான், அது அமையாமல் போனபோது ஒரு வார்த்தை குத்திப் பேசாமல் இருந்தவரும் அவர்தான். மாடியில் சோலார் வைக்கச் சொன்னது நான். பகலில் மிஞ்சுகிற மின்சாரம் வெளிக் கம்பிக்குப் போகும், இரவில் நாம் எடுப்பதோடு அது கழிந்துவிடும் என்று விளக்கினேன். ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியை அதில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்காரர்களை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், மீட்டர் பின்னோக்கிப் போவதைக் காட்டுவார். “என் தங்கச்சி சொன்னா, வச்சேன்” என்பார். அவரைப் பார்த்து எங்கள் தெருவில் இன்னும் சிலரும் வைத்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மசோதா வந்தது.

அதில் எங்களைத் தொடும் பிரிவுகள் இரண்டு. கடந்த ஆண்டுகளில் மின்சாரம் வாங்கியதில் ஏற்பட்ட கூடுதல் செலவை, பொது விசாரணை எதுவும் இல்லாமலே விநியோக நிறுவனம் மக்கள் பில்லில் சர்சார்ஜ் என்று சேர்த்துக்கொள்ளலாம் என்றது ஒன்று. மாடியில் சோலார் வைத்தவர்கள் வெளியே அனுப்பும் மின்சாரத்தை இனிமேல் கழிக்க வேண்டாம், குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டால் போதும், ஆணையம் வேறு விதமாகச் சொல்லாத வரை பழைய இணைப்புக்கும் இதேதான் என்றது மற்றொன்று.

வரதராஜன் சார் வழக்கம்போல என்னை எதிர்ப்பக்கம் நிற்க வைத்தார். நான் சொன்னேன்: “சோலார் வச்சவங்க பில்லே கட்டறதில்ல சார். ஆனா கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அவங்களுக்கும் வேணும். அந்தச் செலவு யார் மேல விழுது? வாடகை வீட்டுல இருக்கிறவங்க மேல. மொட்டை மாடி இல்லாதவங்க மேல. சோலாரக் காப்பாத்துன்னு நீங்க கேக்கறது செல்வி கிட்டருந்து எடுத்து டேனியலுக்குக் குடுக்கறதுதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“இதுல பாதி நெஜம்” என்றார். “மீதிப் பாதியை நாம கண்டுபிடிச்சாகணும்.”

கண்டுபிடித்தோம். பகல் நேரத்தில் அந்த மாடிகளிலிருந்து வரும் மின்சாரத்தால் நிறுவனம் வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்குவது குறைகிறது. அந்த லாபத்தை யாரும் கணக்கில் சொல்வதில்லை என்று எழுதினோம். நல்ல மனு. ஆனாலும் அந்தப் பாதி நிஜம் எனக்குள் தங்கிவிட்டது.

மசோதாவை ஆராயச் சட்டமன்றக் குழு ஒன்று அமைத்தார்கள். அது திருப்பதிக்கு வந்து கருத்துக் கேட்கும் என்று செய்தி வந்தது. வரதராஜன் சார் பேசுவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். குழு கூடிய அதே நாள், திருப்பதியிலேயே ஓர் ஆஸ்பத்திரியில். முதல் நாள் போய்ப் பார்த்தேன். “நீயே பேசிடு. ரெண்டையும் கேளு” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

டேனியல் அண்ணன் கூட வந்தார். “நீ தனியா போவாத, நான் வந்து குந்திக்கினு இருக்கேன்” என்றார். கைப்பையில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் புறப்பட்டதுபோல வந்தார். பஸ் பாகாலா தாண்டும் வரை பாய்லர் கதைகளாகச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார்.

குழு கூடியது அரசு விருந்தினர் மாளிகையில். வராந்தாவில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஃபாக்டரிக்காரர்கள் ஹைதராபாத்திலிருந்து வக்கீல்களைக் கூட்டிவந்திருந்தார்கள். நுகர்வோர் பக்கம் என்று சொல்ல நான் ஒருத்திதான். அண்ணன் முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ.வின் பி.ஏ. வந்து என்னைக் கூப்பிட்டார். எம்.எல்.ஏ. பெயர் வேண்டாம், அவர் இன்று பதவியில் இல்லை, நல்ல மனிதர். அந்தக் குழுவில் உறுப்பினர். பல வருடங்களாக என்னைத் தன் வாசலில் பார்த்தவர். வராந்தா ஓரத்தில் ஒதுங்கி நின்றிருந்தார்.

“சுகந்தம்மா, வக்கீல்காரு ரால்லேதா?” என்றார்.

“ஆஸ்பத்திரியில இருக்காரு சார். இன்னைக்கி ஆபரேஷன்.”

“அய்யோ பாபம்.” பிறகு சொன்னார்: “உங்க மனு ரெண்டு தடவ படிச்சேன். ரெண்டும் நியாயம்தான். ஆனா நான் ஆளுங்கட்சி. மந்திரிகிட்ட பேசிட்டேன். ஒகட்டே. ஒரே ஒரு திருத்தம் ஒத்துக்கறேன்னாரு. ரெண்டு கேட்டா ரெண்டும் லேது. எது வேணும், செப்பண்டி. இப்ப உள்ள போறதுக்குள்ள மந்திரிகிட்ட நான் சொல்லணும்.”

நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வரதராஜன் சாரின் மருமகள் எடுத்தாள். “இப்பத்தான் உள்ள அழைச்சிண்டு போனா, சுகந்தி. அப்பாகிட்ட ஏதாவது சொல்லணுமா?” என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

மரத்தடியில் அண்ணன் பேப்பரை மடித்துவிட்டுச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்து ஒரு சுளையைத் தூக்கிக் காட்டினார், வேண்டுமா என்பதுபோல. வேண்டாம் என்று தலையாட்டினேன். நடந்து போனால் பத்து எட்டு. போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். “ஏழபாழைக்கு எது நல்லதோ அத சொல்லு, எனக்கு ஆண்டவர் இருக்காரு” என்பார். அவர் வாயாலேயே அவர் பணத்தை விடச் சொல்லி வாங்கிக்கொண்டு வர எனக்கு மனம் வரவில்லை.

பழக்கம் விடவில்லை. நின்ற இடத்திலேயே எதிர்ப்பக்கத்தைச் சொல்லிப் பார்த்தேன். சோலார் விலையைக் குறைத்தால் பிறகு ஒரு விசாரணையில் போராடி ஏற்றலாம். விசாரணையே இல்லையென்று ஆகிவிட்டால் எங்கே போய் நிற்பது? செல்விக்கும் இடமில்லை, அண்ணனுக்கும் இடமில்லை.

“பொது விசாரணை இல்லாம சர்சார்ஜ் போடக் கூடாது சார். அது வேணும்” என்றேன்.

“பாகா ஆலோசிஞ்சாரா?”

“யோசிச்சேன் சார்.”

அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

என் முறை வந்தது. நான் இரண்டையும் கேட்டேன். எழுதிக்கொண்டு வந்த மனு அதுதானே. சோலார் பற்றிய பத்தியை வாசிக்கும்போது குழுத் தலைவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அது ஏற்கெனவே முடிந்துபோன காரியம் என்பது அந்த அறையில் எனக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் தெரியும். அண்ணனும் உள்ளே வந்து கடைசி வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவருக்குச் சந்தோஷம். “நல்லா பேசினே, சுகந்தி. உங்க வக்கீல் பெரியவரே வந்து பேசியிருந்தாலும் இப்படி வந்திருக்காது” என்றார். சந்திரகிரி தாண்டியதும் சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

மடியில் இருந்த எலுமிச்சை சாதப் பையை எடுத்துச் சீட்டில் வைத்தார்.

“உன்னையா கேட்டாங்க?”

“என்னத்தான் கேட்டாங்கண்ணா.”

“நான் அங்கியேதான் குந்திக்கினு இருந்தேன். ஒரு வார்த்த வந்து கேக்கலியே நீ.”

 அவர் சத்தம் போடவில்லை. பூதலப்பட்டில் டிரைவருக்குப் பின்னால் ஒரு சீட் காலியானது. எழுந்து போய் அங்கே உட்கார்ந்துகொண்டார். எலுமிச்சை சாதப் பை என் பக்கத்திலேயே இருந்தது, பிரிக்காமல். சித்தூரில் முதல் ஆளாக இறங்கி நடந்துவிட்டார்.

மசோதா சட்டமானது. பொது விசாரணை இல்லாமல் சர்சார்ஜ் கிடையாது என்ற வரி அதில் இருந்தது. சோலார் பிரிவு மாறாமல் அப்படியே இருந்தது.

வரதராஜன் சார் திருப்பதி வீட்டில் படுக்கையில் இருந்தபோது போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “என்ன வார்த்தை போட்டே? வெறும் விசாரணைன்னா, பொது விசாரணைன்னா?” என்றார்.

“பொது விசாரணைன்னு சார்.”

“சரி.” பிறகு, “நானா இருந்தா ரெண்டையும் குடுன்னு பிடிவாதம் பிடிச்சிருப்பேன். ரெண்டும் போயிருக்கும்” என்றார். “ஆனா ஒண்ணு. அந்தப் பக்கம் எனக்குச் சொந்தம்னு யாரும் இல்லை. உனக்கு உங்க அண்ணா இருந்தார்.”

அவர் அதற்குப் பிறகு சித்தூருக்கு வரவில்லை. அடுத்த வருடம் போய்விட்டார். அறையைக் காலி செய்துவிட்டு, பலகையைக் கழற்றி என் வீட்டுப் பரணில் போட்டேன். சங்கம் என் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. அதே வருடம் அம்மாவும் போனாள்.

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அம்மா அடக்கத்துக்கு வந்தார், பெட்டியைத் தூக்கினார், கல்லறையில் மண் போட்டார், என் பக்கம் திரும்பாமல் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். அவரைப் பார்த்து சோலார் வைத்தவர்களும் ஆராதனை முடிந்ததும் என்னைத் தாண்டி வேகமாக நடந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் பேச்சைக் கேட்டுப் பணத்தைப் போட்டவர்கள்.

நான் யாருக்காக அதைத் தேர்ந்தேனோ அவர்களுக்கு அது தெரியவே இல்லை. வராத கட்டணம் யார் கண்ணிலும் படாது. மாவு வாங்கப் போனால் செல்வி சொல்வாள்: “இன்னாக்கா, பில்லு ஏறிக்கினேதான் போவுது. உங்க ஆபீஸ்ல இன்னாதான் பண்றீங்க?” பாத்திரத்தை நீட்டிக்கொண்டே “பார்க்கிறோம் செல்வி” என்பேன். எம்.எல்.ஏ.க்களிடமிருந்து கற்ற வார்த்தை.

ஆனால் விசாரணை என்ற ஒன்று இருந்தது. அது இருந்ததால் வருடா வருடம் நான் போய் நின்றேன். முதலில் சர்சார்ஜைப் பற்றிப் பேசுவேன். அது முடிந்ததும், சட்டம் வருவதற்கு முன்னால் அரசு சொன்னதை நம்பி சோலார் வைத்தவர்களுக்குப் பழைய முறையையே கொடுங்கள் என்பேன். ஒரு வருடம் நேரமில்லை என்றார்கள். ஒரு வருடம் இது இங்கே பேச வேண்டியதல்ல என்றார்கள். கரண்ட் ஆபீஸ்காரர்கள் என்னைக் கண்டதும் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். பிறகு அதுவும் நின்று, நாற்காலி போட ஆரம்பித்தார்கள். சங்கத்திலிருந்து நான் ஓய்வு பெற்று, பொறுப்பை லாவண்யாவிடம் கொடுத்த பிறகும் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் ஆணையத்தின் உத்தரவில், பின்பக்கங்களில் ஒரு பத்தியில், அது கிடைத்தது. சட்டத்துக்கு முந்தைய இணைப்புகளுக்குப் பழையபடியே கழிக்க வேண்டும் என்று. என் பெயரோ சங்கத்தின் பெயரோ அதில் இல்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பலமுறை படித்தேன். ஓடிப் போய்ச் சொல்ல வரதராஜன் சார் இல்லை.

அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். அவர் அங்கே இல்லை என்று தெரிந்துதான் போனேன். அண்ணி இறந்ததும் வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்கு மகளிடம் போய்விட்டிருந்தார். எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை, கோயிலில் கேள்விப்பட்டேன். வாங்கியவர் ஒரு தெலுங்கு வாத்தியார். வாசலில் நின்று யார், என்ன என்று விசாரித்தார். மாடியில் இருக்கும் சோலாருக்கு இனிப் பழைய கணக்கு என்றும், எங்கே போய் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, “சால தேங்க்ஸ் அண்டி. மீரு கரண்ட் ஆபீஸா?” என்றார். இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

“அண்ணா, சுகந்தி பேசறேன்.”

“தெரியுது. பேர் வருது.”

உத்தரவைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அதுல எனக்கு இன்னா வரும்?”

“ஒண்ணும் வராதுண்ணா. இணைப்பு வீட்டோட போயிடுச்சி. இப்ப இருக்கிறவருக்குத்தான்.”

“இன்னா பண்றாரு அவரு?”

“வாத்தியார். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குது.”

பின்னால் எங்கோ லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

“கெழக்கால ஓரத்துல இருக்கிற பேனல் மேல பக்கத்து வூட்டு மாமரத்து நெழலு வுழும்” என்றார். “சித்திரைக்கு முன்னாடி அந்தக் கிளைய வெட்டிடணும். இல்லன்னா பாதி கரண்ட் வராது. சொன்னியா அவருகிட்ட?”

“சொல்லலண்ணா. எனக்குத் தெரியாது.”

“போய் சொல்லு.”

மறுநாள் காலையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.